முற்றும் எச்சமும்

"பட்டா."

என் கைபேசிச் செயலியில் 11 மாதம் கிடந்த ஒரு வேலையின் முழு வாசகமே இவ்வளவுதான். பக்கத்தில் சிவப்பு எழுத்தில் தவணை கடந்த தேதி. தினமும் காலையில் காபியோடு அதைப் பார்ப்பேன். விரலால் ஒரு தள்ளு தள்ளினால் நாளைக்குப் போய்விடும். மறுநாள் பார்த்தால், கொடுத்த கடனைக் கேட்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பதுபோல அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். தஞ்சாவூரில் வீட்டில் இருந்தபடியே பதிப்பகங்களுக்குப் புத்தகங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். எந்த நேரமும் நாலைந்து புத்தகங்கள் கையில் இருக்கும்; ஒன்று முதல் மெய்ப்பில், ஒன்று இரண்டாம் மெய்ப்பில், இன்னொன்று ஆசிரியரின் பதிலுக்காகக் கிடப்பில். இதற்கு நடுவே மாடியில் ஓர் அறை கட்டினோம். மகன் பிளஸ் டூ படிக்கிறான். அப்பா தவறிய பிறகு, ஊரில் அவர் பெயரில் இருந்த நிலத்துக்குப் பட்டா மாற்ற வேண்டியிருந்தது. இத்தனையும் தலையில் நிற்காது என்றுதான் அந்தச் செயலியை இறக்கினேன். நாலு வருஷத்தில் அதில் 214 வேலைகள் சேர்ந்துவிட்டன. அவற்றில் 37 சிவப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, தூக்கம் பிடிக்காமல், அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை மெய்ப்புப் பார்ப்பதுபோலப் படித்தேன். பழக்க தோஷம். எழுத்துப் பிழை தேடிய கண்ணுக்கு இலக்கணம் தட்டுப்பட்டது. பட்டா. பல். இன்சூரன்ஸ். தையல் மிஷின். மாடி ஒழுகல். ராயல்டி. பென்சில் எடுத்து எண்ணினேன். 214இல் 131 வெறும் பெயர்ச்சொற்கள்.

தமிழில் வேலைக்கு வினை என்று பெயர். இலக்கணத்தில் செயலைச் சொல்லும் சொல்லுக்கும் அதே பெயர்தான். பெயர்ச்சொல்லை யாராலும் செய்ய முடியாது. பல்லை எப்படிச் செய்வது? பிடுங்கலாம், அடைக்கலாம், டாக்டரிடம் காட்டலாம், வலி பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். இவற்றில் எது என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. முடிவு செய்யாததை மறைக்கத்தான் ஒற்றைச் சொல்லாக எழுதி வைத்திருந்தேன்.

சின்ன வயதில் அம்மாவைப் பார்த்திருக்கிறேன். ஏதாவது மறக்கக்கூடாது என்றால் முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போடுவாள். சாயங்காலம் அந்த முடிச்சு கையில் நெருடும். "இது எதுக்குப் போட்டேன்?" என்று கூடத்தில் நின்று யோசிப்பாள். பாதி நாள் ஞாபகம் வரும், பாதி நாள் வராது. ஏதோ இருக்கிறது என்று முடிச்சு சொல்லும். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. என் செயலியில் இருந்தவை 131 முடிச்சுகள்.

*

முடியாத வேலை மனதை அரிப்பதைப் பற்றி உளவியலில் ஒரு பழைய கதை உண்டு. லித்துவேனியாவில் பிறந்து பெர்லினில் படித்த புளூமா ஸெய்கார்னிக் என்ற பெண், 1927இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவருடைய ஆசிரியர் குர்ட் லெவின், ஓட்டல் பரிமாறுபவர்களைக் கவனித்ததில் இருந்து அது தொடங்கியது என்பார்கள். பில் கட்டாத மேஜையில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பது பரிமாறுபவருக்குத் துல்லியமாக நினைவிருக்கும். பணம் வந்ததும் அழிந்துவிடும். ஸெய்கார்னிக் ஆய்வுக்கு வந்தவர்களிடம் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்தார். சிலவற்றை முடிக்க விட்டார், சிலவற்றைப் பாதியில் நிறுத்தினார். பாதியில் நின்றவைதான் அவர்கள் நினைவில் அதிகம் தங்கின. பின்னால் வேறு பலர் இதைச் செய்து பார்த்தபோது எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் ராத்திரி 2 மணிக்கு இன்சூரன்ஸ் ஞாபகம் வந்து எழுந்து உட்கார்ந்தவர்களுக்கு ஸெய்கார்னிக் சொன்னது புதிதாக இருக்காது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது 2011இல் வந்த இன்னொரு ஆய்வு. மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் செய்தது. முடியாத காரியத்தை மனதில் சுமந்துகொண்டிருப்பவர்களுக்கு, அடுத்து கையில் இருக்கும் வேலையில் கவனம் சிதறுகிறது. ஆனால் அந்தக் காரியத்தை எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று குறிப்பாகத் திட்டமிடச் சொன்னால் அந்தச் சிதறல் போய்விடுகிறது. கவனியுங்கள், காரியம் இன்னும் முடியவில்லை. திட்டம் மட்டும்தான் போட்டார்கள். மனசுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

டேவிட் ஆலன் 2001இல் எழுதிய 'கெட்டிங் திங்ஸ் டன்' என்ற புத்தகம் இன்றைக்கு இருக்கும் பாதிச் செயலிகளுக்குத் தாய்வீடு. அதன் சாரத்தை ஒரே கேள்வியில் அடக்கலாம்: இதில் கை, கால், வாயால் அடுத்து செய்ய வேண்டியது என்ன? கார் டயர் மாற்றுவது வேலை அல்ல. கடைக்குப் போன் போட்டு விலை கேட்பதுதான் வேலை. இரண்டு நிமிடத்தில் முடிவதை எழுதவே எழுதாதே, அப்போதே செய்துவிடு என்பதும் அவர் சொன்னதுதான். எங்கள் பள்ளிக்கூடத் தமிழாசிரியர் இதைக் கேட்டிருந்தால், "இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய புத்தகம்? பயனிலை இல்லாமல் வாக்கியம் எழுதாதே என்றால் முடிந்தது" என்றிருப்பார்.

அன்று இரவே 'பட்டா'வை வினையாக உடைக்க உட்கார்ந்தேன். அம்மாவின் பீரோவிலிருந்து மூலப்பத்திரத்தை எடு. வில்லங்கச் சான்று போட்டுப் பார். வாரிசுச் சான்றிதழை நகல் எடு. இ-சேவை மையத்துக்குப் போ. எழுதிக்கொண்டே வந்த கை ஓரிடத்தில் நின்றது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வினை இருந்தது: அண்ணனிடம் பேசு.

மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் கொண்டுவந்தது. 2005இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. சட்டம் வந்துவிட்டது, எனக்கு வாய் வரவில்லை. கூடப்பிறந்தவனிடம் "என் பெயரும் சேருமா?" என்று எப்படிக் கேட்பது? 11 மாதம் நான் தள்ளிக்கொண்டிருந்தது தாலுகா ஆபீஸ் வேலையை அல்ல, இந்த ஒரு வாக்கியத்தைத்தான். பட்டா என்ற மூன்று எழுத்து அதைச் சௌகரியமாக மூடி வைத்திருந்தது.

அந்த வரியை எழுதினேன். தேதி போடாமல் செயலியை மூடினேன்.

*

பட்டியல் போடுவதில் எனக்கு இன்னொரு குருவும் உண்டு. எங்கள் மாடி அறையைக் கட்டிய மேஸ்திரி.

அவரிடம் டச் போன் இருந்தது; பேசவும் பாட்டுக் கேட்கவும்தான். வேலைக் கணக்கெல்லாம் சுவரில். பூச்சு வேலை ஆகாத செங்கல் சுவரில், கதவு நிலைக்குப் பக்கத்தில், சாயங்காலம் கை கால் கழுவிவிட்டு வந்து, காதில் செருகியிருக்கும் தட்டைப் பென்சிலால் எழுதுவார். சிமெண்ட் 8. எம் சாண்ட் அரை யூனிட். கட்டுக்கம்பி 1 கிலோ. சித்தாள் 2. அவ்வளவுதான். காலையில் வரும் ஆட்கள் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்ப்பார்கள்.

ஒருநாள் கேட்டேன், "ஜன்னல், டைல்ஸ், பெயிண்ட்டு எதையும் எழுதலையே மேஸ்திரி?"

"அதெல்லாம் பிளான்ல இருக்கும்மா. செவத்துல நாளைக்கு உள்ளதுதான். எல்லாத்தையும் செவத்துல எழுதுனா சித்தாளு எதைன்னு பாப்பா?"

செயலிகளைப் பற்றி நான் படித்த அத்தனை கட்டுரைகளையும்விட இந்தப் பதில் உதவியது. பிளான் வேறு, சுவர் வேறு. பிளானில் ஆயிரம் இருக்கலாம். சுவரில் ஓர் ஆள், ஒரு நாளில், தன் கையால் செய்யக்கூடியதுதான் இருக்க வேண்டும். நான் பிளானையே சுவரில் ஒட்டிவிட்டு, காலையில் எழுந்ததும் 214 வேலைக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் 1918 வாக்கில் ஐவி லீ என்ற ஆலோசகர், பெத்லஹேம் எஃகு நிறுவனத்தின் தலைவர் சார்லஸ் ஷ்வாபுக்கு இதே யோசனையைச் சொல்லி 25,000 டாலர் வாங்கினார் என்று மேலாண்மைப் புத்தகங்களில் ஒரு கதை தவறாமல் வரும். ராத்திரி படுக்கும்முன் நாளைக்குச் செய்ய வேண்டிய ஆறு வேலையை முக்கியத்துவப்படி எழுது. காலையில் முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போ. மிச்சம் இருந்தால் மறுநாள் ஆறில் சேர்த்துக்கொள். எங்கள் மேஸ்திரி அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

அவரிடம் இன்னொன்றும் கற்றேன். தளம் போட்ட மறுநாள் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினார்கள். ஆட்கள் யாரும் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. போன் போட்டால், "தளம் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்மா. நாம போயி கெடுக்கக்கூடாது" என்றார். கான்கிரீட் காயக் காய இறுகுவதில்லை, ஈரத்தில்தான் இறுகும். அந்த நாள்கள் வேலையில்லாத நாள்கள் அல்ல. அன்று முதல் என் செயலியில் 'காத்திருப்பவை' என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கிறது. ஆசிரியரின் பதில், வங்கியின் கடிதம், டாக்டரின் ரிப்போர்ட் எல்லாம் அங்கே போய்விடும். என் கையில் இல்லாத வேலை என்னைச் சிவப்பு எழுத்தில் மிரட்டுவது நின்றது.

*

செயலிகளைக் குறை சொல்ல வரவில்லை. நல்ல செயலிகள் எனக்குச் சோறு போடுகின்றன. எந்தப் பதிப்பகத்துக்கு எந்தப் பக்கம் எப்போது போக வேண்டும் என்பது ஒரு தடவை எழுதிவிட்டால் என் தலைவலி இல்லை. மாதம் ஒருமுறை, வருஷம் ஒருமுறை வரும் வேலைகளை அதைப்போல ஞாபகம் வைத்துக்கொள்ள ஆள் கிடையாது. சொத்து வரி எனக்கு மறந்ததே இல்லை.

ஆனால் அவற்றுக்கென்று ஒரு மயக்கம் இருக்கிறது. டுடூயிஸ்ட் என்ற செயலியை 2007இல் அமீர் சாலிஹெஃபெந்திச் என்பவர், டென்மார்க்கில் மாணவராக இருந்த காலத்தில், தன் சொந்த வேலைகளைச் சமாளிக்க எழுதினார். அதில் வேலையை முடித்தால் புள்ளி ஏறும், நாள் கடந்து கிடந்தால் இறங்கும். அந்தப் புள்ளிக்குப் பெயர் கர்மா. புதியவராகத் தொடங்கிப் படிப்படியாக ஏறினால் கடைசியில் 'ஞானம் பெற்றவர்' ஆகலாம். நம் ஊரில் வினை தீர்ந்தால்தான் ஞானம் என்பார்கள். அங்கே வினையைச் சேர்க்கச் சேர்க்க ஞானம்.

சிரித்தாலும், நானும் அந்த மயக்கத்தில் விழுந்தவள்தான். பட்டியலில் இல்லாத வேலை ஒன்றை முடித்துவிட்டு, அதை எழுதி, உடனே டிக் அடித்திருக்கிறேன். அந்தச் சின்ன 'டிங்' சத்தத்துக்காக. ஒரு புதன்கிழமை 14 டிக். மாலையில் நிமிர்ந்து பார்த்தால், அன்று திருத்த வேண்டிய 40 பக்கத்தில் ஒரு பக்கம்கூட நகரவில்லை. பால்காரருக்குப் பணம், கொரியர், செருப்புத் தைத்தது எல்லாம் ஆகிவிட்டது. சின்ன வேலைகளுக்கு எப்போதும் கையில் வினைச்சொல் இருக்கும். பெரிய வேலைதான் பெயர்ச்சொல்லாகவே படுத்துக் கிடக்கும். செயலி இரண்டுக்கும் ஒரே அளவு வட்டத்தைத்தான் வரைகிறது.

இன்னொரு மயக்கம், செயலியை மாற்றுவது. நிறம் பிடிக்கவில்லை, பிரிவு போதவில்லை என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, எல்லா வேலையையும் மறுபடி எழுதி அடுக்கும்போது ஒரு வேலை செய்த திருப்தி வருமே, அது. செயலிகளும் நிரந்தரமில்லை. பெர்லினில் பிறந்து உலகம் முழுக்கப் பேர் வாங்கிய வுண்டர்லிஸ்டை மைக்ரோசாஃப்ட் 2015இல் வாங்கியது, 2020 மே 6ஆம் தேதி மூடியது. அதன் பயனாளிகள் தங்கள் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வேறு வீடு பார்க்க வேண்டியதாயிற்று. எந்த வீட்டுக்குப் போனாலும் செய்யாத வேலையும் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கும்.

நேரக் கணக்கிலும் நாம் நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம். ஒரு வேலை எத்தனை நாளில் முடியும் என்று கணிப்பதில் மனிதர்கள் மொத்தமாகத் தவறுகிறார்கள் என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எடுத்துக்கொண்டது ஏறக்குறைய 56 நாள். தெரியாத்தனத்தால் அல்ல, முந்தைய வேலைகள் இழுத்தது அவர்களுக்கும் ஞாபகம் இருக்கும், ஆனால் இந்தத் தடவை அப்படி ஆகாது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

என் டைரியைப் புரட்டினேன். 300 பக்க நாவலுக்கு நான் எப்போதும் சொல்லும் நாள் 10. எடுத்துக்கொண்ட நாள்களைக் கூட்டிப் பார்த்தால் சராசரி 17. பத்து வருஷமாக இதே தொழில். இப்போது 18 என்று சொல்கிறேன். முதலில் பதிப்பகத்தில் முகம் சுளித்தார்கள். இப்போது, "நீங்க சொன்னா சொன்ன தேதிங்க" என்கிறார்கள். நான் வேகமாக ஆகவில்லை, பொய் சொல்வதை நிறுத்தினேன்.

*

பட்டியலைப் பற்றிப் பேசும்போது, அதை யார் தலையில் சுமக்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும்.

அம்மாவின் மளிகைச் சீட்டு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலே பிள்ளையார் சுழி. முதல் வரி மஞ்சள். பிறகு துவரம்பருப்பில் தொடங்கிச் சோப்பில் முடியும். அந்தச் சீட்டை எழுத அம்மாவுக்கு ஐந்து நிமிஷம் ஆகும். ஆனால் புளி எவ்வளவு மிச்சம், இந்த மாசம் விருந்தாளி யார், அமாவாசை எப்போது, அப்பாவுக்கு எந்த எண்ணெய் ஒத்துக்கொள்ளாது என்ற கணக்கு மாசம் முழுக்கத் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்த அப்பா, மளிகை வாங்கியது தானே என்று உண்மையாகவே நம்பினார்.

என் வீட்டிலும் அதுதான் நடந்தது. ஒருநாள் கேஸ் தீர்ந்து சமையல் பாதியில் நின்றது. என் கணவர் சொன்னார், "சொல்லியிருந்தா புக் பண்ணியிருப்பேனே." நல்ல மனிதர், உதவத் தயாராகத்தான் இருக்கிறார். ஆனால் கவனித்து, ஞாபகம் வைத்து, நேரம் பார்த்துச் சொல்வது என் வேலை. செய்வது அவர் வேலை. எம்மா என்ற பிரெஞ்சுப் பெண் ஓவியர் 2017இல் இதை ஒரு படக்கதையாகப் போட்டபோது, அது பல மொழிகளில் பரவியது. அதன் தலைப்பே 'கேட்டிருக்க வேண்டியதுதானே' என்ற பொருளில்தான். தஞ்சாவூரிலும் பாரிஸிலும் கேஸ் அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது போலிருக்கிறது.

குடும்பத்துக்கென்று ஒரு பொதுப் பட்டியல் தொடங்கினோம். மூன்று பேர் போனிலும் அது தெரியும். முதல் வாரம் அதில் எழுதியது ஏறக்குறைய எல்லாம் நான்தான். மகன் எண்ணிச் சொன்னான்: "அம்மா 46, அப்பா 2, நான் 0." அந்த எண்ணை நான் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், செயலி சொன்னதால் கொஞ்ச நேரம் அமைதி வந்தது. பிறகு வேலைகளைப் பிரித்தோம். கேஸ் என்றால் சிலிண்டர் ஆட்டிப் பார்ப்பது முதல் பணம் கொடுப்பது வரை அவருடையது. நான் ஞாபகப்படுத்த மாட்டேன். இரண்டாவது மாசம் ஒருநாள் கேஸ் தீர்ந்தது. ராத்திரி ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம். அதன் பிறகு தீரவில்லை.

*

தமிழ் இலக்கணத்தில் வினைச்சொல் இரண்டு வகையாக நிற்கும். 'வந்தான்' என்றால் முற்று, பொருள் முடிந்துவிட்டது. 'வந்து' என்றால் எச்சம்; இன்னும் ஏதோ வர வேண்டும். எச்சம் என்றால் மிச்சம். திருக்குறளில் வினைசெயல்வகை என்ற 68ஆம் அதிகாரத்தில், செய்யாமல் மிச்சம் வைத்த வேலையையும் பகையையும் அணைக்காமல் விட்ட தீயோடு வள்ளுவர் சேர்த்துப் பேசுகிறார். அங்கே அவர் ஆளும் சொல்லும் எச்சம்தான். ஸெய்கார்னிக் பெர்லினில் தேடியது அந்தத் தீயின் மிச்சத்தைத்தான்.

ஆனால் எச்சம் ஒன்றும் பிழையல்ல. மெய்ப்புப் பார்ப்பவளாகச் சொல்கிறேன். எழுந்து, குளித்து, சமைத்து, மகனை அனுப்பிவிட்டு, மேஜை முன் உட்கார்ந்து 20 பக்கம் திருத்தினேன். இந்த வாக்கியத்தில் எச்சங்கள் ஐந்து, முற்று ஒன்று. தமிழ் வாக்கியம் எத்தனை எச்சத்தையும் தாங்கும். முற்று மட்டும் எங்கே என்று தெரிய வேண்டும். முற்று தெரியாத வாக்கியத்தைத்தான் நான் சிவப்பு மையில் சுழிப்பேன். ஒரு நாளுக்கும் அப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது. ராத்திரி படுக்கும்போது செயலியில் நாளைய பகுதியில் ஆறு வேலைதான் வைக்கிறேன். அதில் ஒன்றுக்கு மேலே நட்சத்திரம். அதுதான் அந்த நாளின் முற்று. அது நடந்துவிட்டால் மற்ற ஐந்தும் எச்சமாக நின்றாலும் நாள் முடிந்துவிட்டது என்று பொருள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அரை மணி நேரம் முழுப் பட்டியலையும் வாசிக்கிறேன். மூன்று மாதத்துக்கு மேல் அசையாதது எதுவானாலும் ஒரு கேள்வி கேட்பேன்: இது உன் வேலைதானா? வீணை வகுப்பு நாலு வருஷம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஆசைப்பட்டது. இப்போது எனக்கு வீணை வேண்டாம். வீணை வாசிக்கும் பெண்ணாக இருந்திருக்கலாம் என்ற நினைப்புத்தான் வேண்டியிருக்கிறது. அதை அழித்தேன். நெஞ்சில் லேசாக ஒரு வலி, பிறகு லேசாக ஒரு காற்று. வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்தவள் நான். வாராவாரம் கடைசியில் 'தொடரும்' என்று போடுவார்கள். ஒருநாள் 'முற்றும்' என்று போட்டுவிடுவார்கள். செய்து முடித்ததற்கு மட்டும்தான் முற்றும் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செய்யப்போவதில்லை என்று முடிவு செய்ததற்கும் போடலாம். 214இல் 90க்கு அப்படிப் போட்டேன்.

பட்டியலில் இருக்கக்கூடாதவை என்றும் சில உண்டு என்று நினைத்திருந்தேன். 'அம்மாவைக் கூப்பிடு' என்று ராத்திரி 8 மணிக்கு தினமும் வருவதுபோல எழுதியபோது கூசியது. பெற்ற தாயைப் பால் பாக்கெட்டோடு சேர்த்து டிக் அடிப்பதா? ஆனால் அது இல்லாத காலத்தில் நான் பத்து நாளைக்கு ஒருமுறைதான் பேசினேன். பாசம் குறைவில்லை, அந்தப் பத்து நாளும் 'அம்மா' என்ற பெயர்ச்சொல் மனசில் இருந்துகொண்டேதான் இருந்தது. ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டு தாமதமாகக் கூப்பிட்டேன். "மணி எட்டேகால் ஆச்சே, இன்னும் காணுமேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். அவளுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் நான் 8 மணி. அதற்குப் பிறகு கூச்சம் போய்விட்டது.

*

'அண்ணனிடம் பேசு' என்ற வரி ஒன்பது நாள் தேதி இல்லாமல் கிடந்தது. பத்தாம் நாள் அதற்கு நட்சத்திரம் போட்டேன். நேரமும் எழுதினேன்: அண்ணன் திருப்பூரில் கம்பெனி முடிந்து வீட்டுக்கு வந்து டீ குடித்ததும், ஏழரைக்கு.

கூப்பிட்டேன். மழையைப் பற்றி, மகனின் பரீட்சையைப் பற்றி, அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பேசினோம். பிறகு, "அண்ணே, அந்தப் பட்டா விஷயமா..." என்று இழுத்தேன். வாக்கியத்தை முடிக்கவில்லை. அங்கே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மூணு பேரு பேரும் சேத்துத்தான் எழுதணும் பாப்பா. வாரிசுச் சான்றிதழ்லயே மூணு பேரு இருக்குல்ல. நீ ஒண்ணுமே சொல்லாம இருந்தியா, உனக்கு வேணாமோ என்னவோன்னு நெனச்சுக்கிட்டேன். நானாப் போயி எப்படிக் கேக்குறது?"

அவனுடைய மனசிலும் அது 11 மாதம் ஒற்றைச் சொல்லாகக் கிடந்திருக்கிறது. மொத்தம் ஆறு நிமிஷப் பேச்சு. அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் ஊருக்குப் போய், அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்த மூலப்பத்திரத்தை எடுத்து, நகல் போட்டு, இ-சேவை மையத்தில் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தோம்.

பட்டா இன்னும் வரவில்லை. மூன்று வாரம் ஆகிறது. கிராம நிர்வாக அலுவலர் பார்த்து அனுப்ப வேண்டும். அது இப்போது என்னுடைய 'காத்திருப்பவை'யில் இருக்கிறது. சிவப்பு எழுத்தில் இல்லை. தூக்கத்தையும் கெடுக்கவில்லை.

எந்தச் செயலி நல்லது என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். மளிகைச் சீட்டின் பின்பக்கமே போதும். உங்களிடம் எது இருக்கிறதோ அதைத் திறந்து, ரொம்ப நாளாகக் கிடக்கும் ஒற்றைச் சொல்லைக் கண்டுபிடியுங்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு வினைச்சொல்லை எழுதுங்கள். எழுதக் கை கூசுகிறது என்றால், சரியான சொல்லைத்தான் எழுதப்போகிறீர்கள்.